கண் இமையைப் படம் எடுத்தால் ரத்த அளவு தெரியுமா?

கேள்வி: மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். காரைக்குடியில் ஒரு கடையில் போனில் மாட்டும் சின்னக் கருவி காட்டினார்கள். கீழ் இமையை இழுத்துப் படம் எடுத்தால் ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் வந்துவிடுமாம். விலை 7,500 ரூபாய். இவளுக்கோ ஊசி என்றாலே பயம். வாங்கலாமா?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் ஆச்சி. கடைக்காரர் சொன்ன மூன்றில் ஹீமோகுளோபினுக்கு மட்டும்தான் ஏதோ அடிப்படை இருக்கிறது. அதுதான் ரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது. இமையின் உட்புறத்தில் தோல் நிறம் மறைக்காது, ரத்தக் குழாய்களும் மேலாகவே ஓடும். டாக்டர்கள் இமையை இழுத்துப் பார்ப்பது அதனால்தான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் இதையே போன் கேமராவில் செய்து 2020-ல் ஆய்வு வெளியிட்டார்கள்.

ஆனால் ஆய்வுக்கூட வெளிச்சம் வேறு, நம் வீட்டு வெளிச்சம் வேறு. வளவில் பச்சை, சிவப்புக் கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்தில் ஒரு படம், முகப்பில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒரே இமை இரண்டு நிறமாகத் தெரியும். கண்ணைக் கசக்கியிருந்தாலும் கணக்குத் தப்பும். இமைக்குப் பதில் நகத்தைப் படமெடுத்து அளந்த எமரி பல்கலைக்கழக ஆய்வில் (2018) பிழை 2.4 கிராம் வரை கூடக் குறைய இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அவ்வளவு பிழையில், 11 என்று காட்டினால் உள்ளே 8.6-ஆகவும் இருக்கலாம்!

சர்க்கரைக்கு நிறமே கிடையாது, படத்தில் எப்படித் தெரியும்? கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் படமெடுப்பது சர்க்கரை நோய் செய்த சேதத்தைப் பார்க்க. இன்றைய அளவைச் சொல்ல அல்ல. மகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அதற்கு மாற்று இந்தக் கருவி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைகளுக்குக் காசும் கிடையாது. ஊசி பயத்துக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வேறு யாராவது வாங்கத்தான் போகிறார்கள் என்றால், மருத்துவக் கருவிக்கான அரசு உரிம எண் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். “ஆப்தானே, உரிமம் எதற்கு?” என்று மழுப்பினால் திரும்பி வந்துவிடலாம். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பில்லையும் விளம்பர நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். அதில் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 2 வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. பில் தராத கடை என்றால் வழக்கு இழுக்கும்.