நகரம் வளர்ந்தால் பாடும்பறவைச் சமூகம் எப்படி மாறும்?

"நகரமயமாதலும் பாடும்பறவைச் சமூகமும்" என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறார்களே, பறவைக்கு என்ன சமூகம் என்பது கேள்வி.

ஓரிடத்தில் சேர்ந்து வாழும் பறவையினங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை என்ற கணக்கோடு: அதுதான் சமூகம். ஆய்வாளர் பெரும்பாலும் விடியற்காலையில் ஓரிடத்தில் சில நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணுவார். புதுச்சேரியில் என்றால் சந்தடியான நேரு வீதியையும் ஊசுடு ஏரிக்கரையையும் ஒப்பிடலாம்.

வேலிப்புதரை வெட்டி காம்பவுண்டு சுவர் எழுப்பினால், இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுக்கு இடமில்லை. குப்பைமேடோ காகத்துக்கும் மைனாவுக்கும் கொண்டாட்டம். இலை நிறைய பதினைந்து வகை பரிமாறிய பந்தியில் அண்டா சாம்பார் சாதம் மட்டும் வைத்த கதைதான். அளவு குறையாமல் இருக்கலாம், வகை போய்விடும்.

இரைச்சலும் ஒரு காரணம். வண்டிச் சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி; அதே சுருதியில் பாடினால் பாட்டு அதில் அமுங்கிவிடும். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இரைச்சலான இடத்துப் பட்டாணிக்குருவிகள் தாழ்ந்த சுருதியைத் தவிர்த்துப் பாடுவதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. (நேரு வீதி ஹாரனுக்கு நடுவே நம் குரலும் எகிறத்தானே செய்கிறது!)

இனிமையாகக் கூவினால் பாடும்பறவை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பறவைப் பிரிவின் பெயர்; வகைப்பாட்டின்படி காகம் பாடும்பறவை, குயில் அல்ல.