ஜப்பானில் ஓஹோவென்று ஓடிய ஐ-மோட் என்ற கைப்பேசி இணையச் சேவை மற்ற நாடுகளில் ஏன் எடுபடவில்லை? ஒரு நாட்டின் மொபைல் இணைய வெற்றியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?

இந்தக் காலத்தில் ஐ-மோட் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் எம்பிஏ அசைன்மென்டாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஐ-மோட் ஓடிய அதே காலத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் உட்கார்ந்து, கைப்பேசிக்குத் தமிழ் ராசிபலனும் ரிங்டோனும் விற்றவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஜப்பானிய மொபைல் கம்பெனியான என்டிடி டோகோமோ 1999 பிப்ரவரியில் ஐ-மோட்டைத் தொடங்கியது. மெயில், ரயில் நேரம், வங்கிக் கணக்கு, ரிங்டோன் எல்லாம் ஒரு பொத்தானில். எல்லோரும் அந்தப் பொத்தானைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எங்கள் பாஸ் பார்த்தது வேறு. சந்தாவை டோகோமோவே போன் பில்லில் வசூலித்து, 9 சதவீதம் கமிஷன் போக மிச்சத்தைச் சேவை நடத்துபவருக்குக் கொடுத்துவிடும். அதைப் படித்த அன்றே அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். எங்கள் மெசேஜுக்கு லைன் கொடுத்த கம்பெனி (பெயர் வேண்டாம்) பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மீதி வந்து சேர மாதக்கணக்காகும்.

எழுதுவதும் லேசில்லை. அன்றைய போன்களில் பாதிக்குத் தமிழ் எழுத்தே வராது, கட்டம் கட்டமாகத் தெரியும். தெரிகிற போனிலும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் தமிழ் என்றால் 70 எழுத்து, ரோமன் எழுத்து என்றால் 160. ஆகவே ரிஷபத்துக்குப் பணவரவு, கன்னிக்கு வீண்செலவு எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் போனது. ஆனாலும் நன்றாகவே ஓடியது, தீபாவளி சமயத்தில் கேட்கவே வேண்டாம். அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்வேன்.

ஓட்டத்தைக் கெடுத்தது எது தெரியுமா? செந்தூலிலிருந்து ஒரு அக்கா படியேறி வந்தார். "தம்பி, நேத்துத்தான் பத்து வெள்ளி போட்டேன். காலையில பார்த்தா மூணு வெள்ளி நிக்குது. எவனோ தினம் ஜோக்கு அனுப்புறான். நான் கேட்டேனா?" (வெள்ளி என்றால் இங்கே ரிங்கிட்.) அனுப்பியது நாங்கள் இல்லை, வேறு ஏதோ ஐந்திலக்க எண். தமிழ் போர்டு தொங்கியது எங்கள் மாடியில்தான் என்பதால் எங்களிடம் வந்துவிட்டார். எண் அழிந்துபோன கீபேடில் தடவித் தடவி நான்தான் 'ஸ்டாப்' அடித்து அனுப்பினேன். "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று பதில் வந்தது. அதற்கும் ஐம்பது காசு!

இதைத்தான் அசைன்மென்டில் எழுதச் சொல்வேன். ஜப்பானில் அப்போது மாதம் 300 யென்னுக்குள் சந்தா, அது மாதக் கடைசி பில்லில் வந்தது. இங்கே பெரும்பாலோர் கையில் ப்ரீபெய்ட். டாப்-அப் போட்ட பத்து வெள்ளி முந்தானையில் முடிந்த காசு மாதிரி, அதில் எவனாவது கைவைத்தால் அதோடு சரி, மொத்தச் சேவையையும் யாரும் தொடமாட்டார்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும். கமிஷன் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் பாதிக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் டோகோமோவிடம் இருந்தார்கள். அது சொன்ன அளவில் என்இசியும் பானசோனிக்கும் போன் செய்து கொடுத்தன. 2002-இல் ஜெர்மனியில் ஐ-மோட்டை எடுத்த ஈ-பிளஸ் என்ற மொபைல் கம்பெனி அங்கே மூன்றாம் இடம், பிரான்சில் எடுத்த புயிக் டெலிகாமும் மூன்றாம் இடம். அவர்கள் சொன்னால் நோக்கியா கேட்குமா? கடையில் ஐ-மோட் போன் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணும் மாடல்கள்தான். பிரிட்டனில் ஓ2 2005-இல் தொடங்கி 2007-லேயே மூட்டைகட்ட முடிவெடுத்தது. பக்கத்துச் சிங்கப்பூரில் ஸ்டார்ஹப்பும் 2005-இல் கொண்டுவந்தது, எங்கள் பாஸ் ஜொகூர் பாலம் தாண்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அமெரிக்காவிலோ ஏடி அண்ட் டி வயர்லெஸின் 16 சதவீதப் பங்குக்கு டோகோமோ கொட்டியது சுமார் 980 கோடி டாலர், அப்படியும் அங்கே ஐ-மோட் எடுபடவில்லை.

கொண்டுபோகவே முடியாது என்றும் இல்லை. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை தான்சானியாவில் நன்றாக ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவுக்கு 2010-இல் போனது, 2016-இல் மூடிவிட்டார்கள். அங்கே பலரிடம் ஏற்கனவே வங்கிக் கணக்கு இருந்தது, இன்னொன்று எதற்கு? கேட்கிறவர்கள் இந்த மூன்று நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே போதும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அன்று போனில் தமிழ் வராது என்றார்கள், ஒத்துக்கொண்டோம். இன்று எந்தப் போனிலும் தமிழ் வருகிறது. இந்த நாட்டில் நான் வைத்திருக்கும் வங்கி ஆப்பிலும் இ-வாலட்டிலும் மலாய், ஆங்கிலம், சீனம் இருக்கிறது, தமிழைக் காணோம். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "இந்தியர்களுக்குத்தான் மலாய் நன்றாகத் தெரியுமே" என்கிறார்கள். தெரியும்தான். சீனர்களுக்கும் தெரியும்.