ஸ்கேன் நூல்களுக்கு 6 அங்குலத் திரை போதாது

திருவாரூரில், கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்த தங்கள் தந்தையார் திண்ணையில் அமர்ந்து படிப்பதற்கு 6 அங்குலக் கிண்டில் நல்லதா, டேப்லெட் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். பகல் வெளிச்சத்தில் கண் கூசாமல் படிக்க, கிண்டிலில் உள்ள, அச்சுத்தாள் போலத் தோன்றும் இ-இங்க் திரைக்கு ஈடில்லை. பக்கம் மாறும்போதுதான் அத்திரை மின்சாரம் இழுக்கும் என்பதால், மின்தடை நாட்களிலும் கவலையில்லை. ஆனால், அவர் விரும்பும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துப் பழைய நூல்கள் பெரும்பாலும் அச்சுப் பக்கத்தை அப்படியே படமெடுத்த பிடிஎஃப் கோப்புகள் என்பதால், எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியின்றி, முழுப் பக்கமும் சிறுத்து, மெய்யெழுத்தின் புள்ளிகூடக் கண்ணுக்குத் தட்டுப்படாது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் (Project Madurai) உள்ளவை தட்டச்சு செய்த உரைகள். அவற்றுக்கு 6 அங்குலமே தாராளம். தந்தையாருக்கு 10 அங்குல இ-இங்க் கருவியையே பாருங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால், அதே அளவு டேப்லெட்டை வாங்கி, திண்ணையை விட்டுக் கூடத்தில் அமர்ந்து படிக்கச் சொல்லலாம் (அதற்கு அவர் இசைவாரா என்பது வேறு விஷயம்).