சம்பளம் அதிகம் கேட்டு அணியை விட்டுப் போன கால்பந்து வீரரை ரசிகர்கள் ‘துரோகி’ என்று திட்டுவது நியாயமா?

கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, கேட்டவர் சமீபத்தில் யாரோ ஒருத்தரை ஆசை தீரத் திட்டியிருக்கிறார். திட்டி முடித்தபின் ஏதோ உறுத்தியிருக்கிறது. அந்த ஆள் பெயர் போட்ட ஜெர்சி ஒன்றும் அவர் வீட்டு அலமாரியில் மடித்து இருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். என் வீட்டில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நான் பெங்களூர் அல்சூர், கௌதமபுரம். தெரியாதவர்களுக்கு: எங்கள் ஏரியாவில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை உண்டு. வீட்டில் தமிழ், ரோட்டில் கன்னடம், மைதானத்தில் இரண்டிலிருந்தும் பொறுக்கியெடுத்த கெட்ட வார்த்தைகள் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். அருமைநாயகம், உலகநாதன் என்று இங்கிருந்து கல்கத்தாவுக்குப் போய் மோகன் பகான் கிளப்புக்கு ஆடியவர்களின் பெயர்களை எங்கள் பெரிசுகள் சாமி பெயர் மாதிரிச் சொல்வார்கள். அவர்களும் ஊரை விட்டுப் போனவர்கள்தானே? அவர்களை யாரும் துரோகி என்றதில்லை. நம் ஊரை விட்டு மேலே போனால் பெருமை, நம் டீமை விட்டுப் பக்கத்து டீமுக்குப் போனால் துரோகம். தூரம்தான் வித்தியாசம் போலிருக்கிறது.

சரி, என் ஜெர்சிக்கு வருகிறேன். 2004இல் சிவாஜிநகரில் 180 ரூபாய்க்கு வாங்கிய, லண்டன் கிளப் ஆர்சனலின் ஜெர்சி. டூப்ளிகேட்தான். கூட இருந்தவன்கள் எல்லாரும் கோல் அடித்துக் குவிக்கும் தியரி ஆன்ரி பெயரைப் போட்டுக்கொண்டபோது நான் மட்டும் முதுகில் 3 போட்டு ஆஷ்லி கோல் பெயரை அடித்துக்கொண்டேன். அவரைப் போல நானும் லெஃப்ட் பேக், இடது பக்கம் தடுத்து ஆடுகிறவன். கோலைத் தடுப்பவருக்குப் பெயரே கோல் என்று தமிழ் தெரிந்தவனுக்கு மட்டும் புரிகிற ஒரு சந்தோஷம் வேறு. அந்த வருஷம் ஆர்சனல் ஒரு லீக் மேட்ச்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது. 49 ஆட்டம் தொடர்ந்து தோல்வியில்லை. வேறு யாரைப் பிடிக்கும் சொல்லுங்கள்?

கோல் ஆர்சனலிலேயே சின்னப் பையனிலிருந்து வளர்ந்தவர். 2005 ஜனவரியில், ஆர்சனல் ஒப்பந்தத்தில் இருக்கும்போதே, லண்டன் ஹோட்டல் ஒன்றில் அதே ஊர் எதிரணியான செல்சீயின் ஆட்களைப் போய்ப் பார்த்தார். விஷயம் வெளியே வந்தது. அவருக்கு 1,00,000 பவுண்டு அபராதம் போட்டார்கள், அப்பீலில் 75,000 ஆனது. செல்சீக்கு 3,00,000. 2006 ஆகஸ்ட் 31, கடைசி நாள், வில்லியம் கல்லாஸையும் 50 லட்சம் பவுண்டையும் வாங்கிக்கொண்டு ஆர்சனல் அவரை செல்சீக்கே அனுப்பியது. அப்புறம் வந்த சுயசரிதையில் அவரே எழுதினார்: வாரம் 60,000 பவுண்டு எதிர்பார்த்திருந்தேன், 55,000தான் என்று ஏஜென்ட் போனில் சொன்னதும் வந்த ஆத்திரத்தில் காரை ரோட்டை விட்டே இறக்கப் பார்த்தேன் என்று.

அந்த 5,000 பவுண்டு அன்றைய கணக்கில் நாலு லட்ச ரூபாய்க்கு மேல். வாரத்துக்கு. எனக்கு அப்போது மாதச் சம்பளம் 9,000 ரூபாய்.

லண்டனில் கேஷையும் ஆஷ்லியையும் சேர்த்து அவருக்கு ‘கேஷ்லி’ என்று பெயர் வைத்தார்கள். அவர் மூஞ்சி அச்சடித்த போலி நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். டிவியில் பார்த்து நாங்கள் கைதட்டினோம். அப்படித் திட்டியதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்டதற்கு அல்ல. 390 மில்லியன் பவுண்டில் புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டு கையை இறுக்கிப் பிடித்த கிளப்பிடம் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஒளிந்து போய்ப் பார்த்ததும், அப்புறம் அதைப் பெரிய அநியாயம் மாதிரி எழுதி நம்மிடமே விற்றதும்தான் எரிச்சல். ‘அவர் செல்சீயில் 2012 சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தாரே, எஃப்.ஏ. கோப்பையை மொத்தம் 7 தடவை வாங்கினாரே, முடிவு சரிதானே’ என்று சொல்ல வருபவர்களே, தெரியும். அந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மியூனிக்கில் அவர் அடித்த பெனால்டியையும் பார்த்தேன். முடிவு சரி. எரிச்சலும் சரி.

இன்னொரு கூட்டம் வரும். ‘நீங்கள் மட்டும் 30 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் கம்பெனி மாற மாட்டீர்களா?’ என்று கேட்கும். மாறுவேன், மூன்று தடவை மாறியிருக்கிறேன். ஆனால் நான் வேலையை விட்டபோது எவனும் என் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு மழையில் நிற்கவில்லை. ரசிகன் கஸ்டமரும் இல்லை, முதலாளியும் இல்லை. வீட்டுக்கு வந்து போகிற தூரத்துச் சொந்தம் மாதிரி. சொத்தில் பங்கு கிடையாது, கல்யாணத்தில் கோபித்துக்கொள்ள மட்டும் உரிமை உண்டு.

இதெல்லாம் பேச எனக்கு யோக்கியதை உண்டா என்பதுதான் இனிமேல் சொல்லப்போவது.

2011இல் எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரு டீம் இருந்தது. சி டிவிஷன் லீக்கும் ஆடுவோம், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸும் ஆடுவோம். முட்டி போனதால் நான் ஆடுவதை விட்டு செக்ரெட்டரி ஆகியிருந்தேன். செக்ரெட்டரி என்றால் பைக் இருப்பவன், கணக்கு நோட்டு வைத்திருப்பவன். டீமில் ஒரு இடதுகால் பையன், 19 வயது. பெயர் வேண்டாம். லெஃப்ட் அவுட்டில் அவன் பந்தைத் தொட்டாலே லைனில் நிற்கிறவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் பேப்பர் பண்டில் தூக்குகிற வேலை, நாள் கூலி 250.

லீக் மேட்ச் பெரும்பாலும் வேலை நாளில், பட்டப்பகலில்தான் வைப்பார்கள். அசோக் நகர் ஸ்டேடியத்தில் மத்தியான வெயிலில் மேட்ச் என்றால் அவனுக்கு அன்றைய கூலி போச்சு. ஒரு நாள் என்னிடம் தனியாக வந்தான். “அண்ணா, மேட்ச் இருக்கற நாளுக்கு மட்டும் கூலிக் காசு கொடுத்துடுங்க. ஸ்டட்ஸும் பிஞ்சு போச்சு, ஒரு ஜோடி வேணும்” என்றான். 250 ரூபாயும் ஒரு ஷூவும். அதுதான் அவனுடைய கான்ட்ராக்ட் டிமாண்ட்.

நான் என்ன சொன்னேன்? “எல்லாரும் சும்மாதானே ஆடறாங்க? உனக்கு மட்டும் கொடுத்தா நாளைக்குப் பதினோரு பேரும் கேப்பான்.” இப்போது யோசித்தால் லண்டன் கிளப் டைரக்டர்கள் பேசுகிற அதே வசனம். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அடுத்த சீசன் ஆஸ்டின் டவுன் பக்கம் வேறொரு டீமுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

இங்கேதான் நான் செய்த வேலை. டீ கடையில் பையன்கள் ‘ஏண்ணா போயிட்டான்?’ என்று கேட்டபோது, “காசு கேட்டான், நம்மால முடியல” என்றேன். பொய் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எவ்வளவு கேட்டான், எதற்குக் கேட்டான் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அந்த 250 தெருவில் சுற்றி 5,000 ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை.

அந்த வருஷம் என் நோட்டில் இருந்த கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரமுகருக்குச் சால்வை, ஆளுயர மாலை, மைக் செட், வாழ்த்து பேனர் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். ‘அதை நிறுத்தியிருக்கலாமே’ என்று சுலபமாகச் சொல்லாதீர்கள். அவர் வராவிட்டால் அடுத்த வருஷம் ஜெர்சிக்கு ஸ்பான்சர் கிடையாது. டீம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் ஒரு ஃபைவ்ஸ் போட்டியில் செமி ஃபைனலில் அவனுடைய டீமும் எங்கள் டீமும் மோதின. எனக்கு ‘கேஷ்லி’ ஞாபகம் வந்தது. பழைய குரூப் போட்டோவிலிருந்து அவன் முகத்தை வெட்டி, பத்து ரூபாய் நோட்டில் காந்தி இருக்கும் இடத்தில் ஒட்டி, ஜெராக்ஸ் கடையில் 300 காப்பி போட்டோம். காப்பி ஒரு ரூபாய். அவன் கார்னர் எடுக்க வரும்போதெல்லாம் அள்ளி வீசினோம். இரண்டுக்கு ஒன்றில் நாங்கள்தான் ஜெயித்தோம். தெருவே ஆடியது.

மேட்ச் முடிந்ததும் கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பிடித்துக்கொண்டார். ஒரு பேப்பர் கிடந்தாலும் இனிமேல் கிரவுண்ட் கிடையாது என்று கத்தினார். பையன்கள் மாயமாகிவிட்டார்கள். நான் மட்டும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிரே இன்னொருத்தன் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறான். அவனேதான். காலில் புது ஸ்டட்ஸ்.

“எத்தனை காப்பிணா?”

“முந்நூறு.”

“ஒண்ணு ஒரு ரூபாயா?”

ஆமாம் என்றேன். அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. கையில் இருந்த கட்டைத் தட்டிச் சீராக்கி என்னிடம் கொடுத்தான், பிரஸ்ஸில் வேலை செய்கிறவன் தட்டுகிற மாதிரி. அம்பது ரூபாய் அதிகம் செலவு செய்திருக்கிறோம் என்பது எனக்கு பைக்கை எடுக்கும்போதுதான் உறைத்தது.

அதனால், கேட்டவரே, திட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ‘அதிகம் கேட்டான்’ என்ற வார்த்தை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் கணக்கு நோட்டு வைத்திருக்கிறவன் வாயிலிருந்துதான் வந்திருக்கும். கோல் விஷயத்தில் 55,000 என்ற எண் நமக்குத் தெரியும், ஏனென்றால் அவரே புத்தகத்தில் போட்டுக்கொடுத்தார். மற்றவர்கள் விஷயத்தில் எண்ணும் தெரியாது, ஸ்டட்ஸ் பிய்ந்ததும் தெரியாது.

இது புதுசும் இல்லை. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை எந்த வீரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றே விதி இருந்தது. அப்போது ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் போக முடிந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்று ஒருவர் நியூகாசிலோடு சண்டை போட்டு ஆடவே மாட்டேன் என்று உட்கார்ந்தார், தக்கை விற்கிற வேலைக்குப் போனார். கடைசியில் 1960இல் 47,500 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது யார்? எங்கள் ஆர்சனல்தான். 1963இல் கோர்ட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றது. எங்களிடம் வந்தால் போராளி, எங்களை விட்டுப் போனால் கேஷ்லி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

          

பெங்களூர் எஃப்சி ரசிகர்கள் ‘நாங்கள் அப்படி இல்லை’ என்பார்கள். 2019 மார்ச் 17, மும்பையில் கோவாவுக்கு எதிரான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் கூடுதல் நேரத்தில் தலையால் முட்டிக் கோப்பை வாங்கிக் கொடுத்த ராகுல் பேக்கே, 2021இல் மும்பை சிட்டிக்கே போனார். 2024இல் திரும்பி வந்தார். கண்டீரவா ஸ்டேடியத்தில் ரசிகர் கூட்டம் உட்காரும் வெஸ்ட் பிளாக் பக்கம் நானும் எழுந்து கைதட்டியவன்தான். வந்தவரை வரவேற்பது எங்களுக்கு எப்போதும் நன்றாக வரும்.

அந்த இடதுகால் பையன், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வரை எல்லாம் போகவில்லை. இப்போது அவனுக்கே தொந்தி. மணிக்கு 1,500 வாங்குகிற செயற்கைப் புல் டர்ஃப் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கிறான். ஜூன் மாதம் என் மகனை அவனிடம்தான் சேர்த்தேன், ஊரில் அவனைவிட நன்றாக இடதுகாலைச் சொல்லித்தர ஆள் இல்லை. மாதம் 1,800 ரூபாய் என்றான். தெரிந்த பையன்தானே என்று, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

“நீங்க கேக்கறதாணா?” என்று சிரித்தான்.

குறைக்கவில்லை. ரசீது கொடுத்தான்.