நாலு வால்வு அம்பில் ரெண்டு இனம் கலக்கலாமா? – கேள்வி பதில்

கிற்றார் அம்பின் (அம்ப்ளிஃபயரின்) பவர் வால்வுகளில் ஈஎல்34, 6எல்6ஜிசி (சுருக்கமாக 6எல்6) போன்ற இனங்களைக் கலந்து போடுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள்.

கல்லடி: அண்ணே, சேர்ச்சில உள்ள 100 வாற் ஹெட்டுக்கு நாலு ஈஎல்34. ரெண்டு செத்துப் போச்சு. கையில ரெண்டு 6எல்6ஜிசி இருக்கு. போடலாமா?

போடலாம். எந்தச் சொக்கெற்றில் போடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். புஷ்-புல் அம்பில் ரெண்டு வால்வு அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் ஒரு முனையிலும் மற்ற ரெண்டு மறுமுனையிலும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஈஎல்34, ஒரு 6எல்6 வரவேண்டும். ஒரு பக்கம் முழுக்க ஈஎல்34, மறுபக்கம் முழுக்க 6எல்6 என்று போட்டால் இரு பக்க மின்னோட்டமும் சமப்படாது. ட்ரான்ஸ்போமரின் இரும்பு ஒரு திசையில் காந்தமேறி நிற்கும். ஹம் கூடும், பேஸ் மெலியும்.

பெரும்பாலான அம்புகளில் வெளி ரெண்டும் ஒரு சோடி, உள் ரெண்டும் ஒரு சோடி. அதை நம்பிக்கொண்டு செய்யவேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்னை 10 கிலோ ஓம் 5 வாற் ரெசிஸ்டரால் இறக்கி, மீற்றரில் பூச்சியம் வந்ததைப் பார்த்த பிறகு வால்வுகளை எடுங்கள். ஒரு சொக்கெற்றின் 3ஆம் பின்னிலிருந்து (அது பிளேற், வால்வின் வெளித்தகடு) மற்றதன் 3ஆம் பின்னுக்கு ஓம் பாருங்கள். பூச்சியம் என்றால் ரெண்டும் ஒரே பக்கம். பல பத்து ஓம் காட்டினால் எதிரெதிர்ப் பக்கம். அந்த எதிர்ப்பக்கச் சோடியில்தான் ஒரே இனம் இருக்கவேண்டும்.

கல்லடி: பயஸ் பொட் ஒண்டுதானே இருக்கு. மறுகா என்ன செய்யிற?

சிக்கலே அதுதான். பயஸ் என்பது வால்வின் கிரிட்டுக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்ற்; சும்மா நிற்கும்போது எவ்வளவு ஓட்டம் போகும் என்பதை அது தீர்மானிக்கும். பொட் அதைத் திருகிச் சரிசெய்வது. 450 வோல்ற் பிளேற்றில் ஈஎல்34க்கு ஏறத்தாழ மைனஸ் 38 போதும் என்றால், 6எல்6ஜிசிக்கு அதைவிடப் பத்து வோல்ற் அளவு கூட வேண்டிவரும். ஈஎல்34க்குச் சரியாக வைத்தால் 6எல்6இன் பிளேற் அளவு மீறிச் சூடாகிச் சிவக்கும். 6எல்6க்கு வைத்தால் ஈஎல்34 குளிர்ந்துபோய் மெதுவான சத்தத்தில் கரகரக்கும்.

மார்ஷல் மாதிரி அம்புகளில் ஒரு பக்கத்து ரெண்டு வால்வும் சிக்னலைக் கிரிட்டுக்குக் கடத்தும் ஒரே கப்ளிங் கப்பாசிட்டரையும் ஒரே 220 கிலோ ஓமையும் பகிர்கின்றன. ஆகவே இரண்டாவது பொட் பூட்டினால் மட்டும் பயஸ் பிரியாது. கூடுதலாக ரெண்டு 0.022 மைக்ரோஃபரட் 630 வோல்ற் கப்பாசிட்டரும் ரெண்டு 220 கிலோ ஓமும் வேண்டும். அவ்வளவு வேலைக்குப் போகாமல் ஒரு வழி இருக்கிறது: 6எல்6 ஒவ்வொன்றின் கதோட்டிலும், அதாவது 8ஆம் பின்னுக்கும் சேஸிக்கும் நடுவில், 220 ஓம் 10 வாற் ரெசிஸ்டர். அதற்குச் சமாந்தரமாக 220 மைக்ரோஃபரட் 63 வோல்ற் கப்பாசிட்டர், நேர்முனை கதோட் பக்கம். 43 மில்லி அம்பியர் ஓடும்போது அங்கே 9.5 வோல்ற் விழும். 6எல்6க்குப் போதாமல் இருந்த பயஸ் அதிலேயே கிடைத்துவிடும். அந்தச் சொக்கெற்றில் மறுபடி ஈஎல்34 போடும்போது ரெண்டையும் கழற்ற மறக்காதீர்கள்.

அளவுக்கு: ஈஎல்34இன் பிளேற் தாங்கும் வெப்ப எல்லை 25 வாற், 6எல்6ஜிசிக்கு 30. 65 வீதம் எடுத்து 450ஆல் பிரித்தால் 36, 43 மில்லி அம்பியர். ஈஎல்34 கதோட்டில் 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 1 மில்லிவோல்ற் 1 மில்லி அம்பியர். 6எல்6இல் அந்த 220 ஓமில் விழும் வோல்ற்றை 220ஆல் பிரியுங்கள். இதில் ஸ்கிரீன் (இரண்டாவது கிரிட்) ஓட்டமும் சேர்ந்தே வரும். பிளேற்றில் ஓடுவது அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆகவே பிழை பத்திரமான பக்கம்தான்.

காத்தான்குடி: நானா, எனக்கு மறுபக்கம். நாலு 6எல்6 உள்ள அமெரிக்கன் அம்ப், 120 வோல்ற்றுக்கு ஸ்டெப் டவுன் வச்சிருக்கன். ரெண்டு ஈஎல்34 போட்டா?

உங்கள் பக்கம்தான் ஆபத்து கூட. வால்வைச் சூடாக்கும் ஹீற்றர் 6எல்6ஜிசிக்கு 0.9 அம்பியர், ஈஎல்34க்கு 1.5. நாலு 6எல்6க்கு 3.6 அம்பியர், ரெண்டு மாற்றினால் 4.8. 60 ஹேட்ஸுக்கு மட்டும் சுற்றிய ட்ரான்ஸ்போமர் நம் 50 ஹேட்ஸில் ஏற்கெனவே கூடச் சுடும். மாற்றியபின் ஹீற்றர் 6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தாலோ, அரை மணியில் ட்ரான்ஸ்போமரில் கை வைக்க முடியாமல் போனாலோ திருப்பிக் கழற்றுங்கள்.

1ஆம் பின்னையும் பாருங்கள். 6எல்6க்கு அது வெற்றுப் பின். ஃபெண்டர் அம்புகளில் 1.5 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரின் ஒரு காலை அதிலே கட்டியிருப்பார்கள். ஈஎல்34க்கு அது மூன்றாவது கிரிட். அந்த ரெசிஸ்டரை இடம் மாற்றி, 1ஐயும் 8ஐயும் இணைக்க வேண்டும். ஸ்கிரீனில் 470 ஓம் 1 வாற் இருந்தால் 1 கிலோ ஓம் 5 வாற் ஆக்குங்கள்.

ஏறாவூர்: ரெண்டே வால்வு அம்பில ஒண்டு இது, ஒண்டு அது?

புஷ்-புல் என்றால் வேண்டாம். சிங்கிள் எண்டெட், அதாவது எல்லா வால்வும் ஒரே பக்கமாக வேலை செய்யும் அம்பில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதோட் ரெசிஸ்டர் இருந்தால் கலக்கலாம். அங்கே சமப்படுத்த எதிர்ப்பக்கமே இல்லை.

அக்கரைப்பற்று: 6எல்6 கூட 6வி6 போடலாமா? பின் ஒண்டுதானே.

பின் ஒன்றுதான், தாங்கும் அளவு ஒன்றில்லை. 6வி6இன் எல்லை 14 வாற். 450 வோல்ற்றில் அதிக நாள் நிற்காது.

கல்முனை: இவ்வளவு கஷ்டப்பட்டுக் கலந்தா சத்தத்தில என்ன வித்தியாசம்?

ஈஎல்34 குறைந்த சிக்னலிலேயே எல்லையில் முட்டிச் சத்தம் உடையத் தொடங்கும், நடுச்சுரம் முன்னே வரும். 6எல்6 அப்போதும் சுத்தமாக நிற்கும். அதனால் உடைவு படிப்படியாக வரும். ஸ்பீக்கரை மாற்றினால் கேட்கும் வித்தியாசம் இதைவிடப் பெரிது. செத்த சோடிக்கு மாற்றாகச் செய்யலாம். சத்தத்துக்காக மட்டும் என்றால் முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள்.

பொத்துவில்: அண்ணே, கலந்து போட்ட பிறகு ஒரே ஒரு வால்வு சிவக்குது. கடல் ஓரம்தான் வாசிக்கிற நாங்க.

உடனே நிறுத்துங்கள். அதே இன மற்ற வால்வோடு இடம் மாற்றிப் பாருங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு பிழை. சொக்கெற்றிலேயே நின்றால், வால்வு இல்லாமல் 5ஆம் பின்னில் (கிரிட்) மைனஸ் வோல்ற் வருகிறதா என்று அளவுங்கள். குறைவாக வந்தால் கப்ளிங் கப்பாசிட்டர் ஒழுகுகிறது. சரியாக வந்தும் சிவந்தால் பின் பிடிக்கவில்லை: உப்புக்காற்றில் சொக்கெற் கறுத்து, கிரிட்டுக்குப் பயஸ் போகாமல் நிற்கும். கொன்ராக்ட் கிளீனர் அடித்து, பல் குத்தும் ஊசியால் பிடிகளைச் சற்று நெருக்குங்கள். கப்பாசிட்டரை இறக்கிய பிறகுதான் ஊசி.

ஜெனரேற்றரில் வாசிப்பதென்றால் பயஸை அதிலேயே அளந்து வையுங்கள். அது 230க்குப் பதில் 250 வோல்ற் தந்தால் 450 வோல்ற் பிளேற் 490 பக்கம் போகும்; அப்போது ஈஎல்34க்கு 33 மில்லி அம்பியர்தான்.