டீலருக்கு மூளை தேவையில்லை!
சீட்டு மேசை: வாசகர் கேள்வி பதில்

கப்பல்களில் பிளாக்ஜாக் மேசை டீலராக இருந்தவன் பதில் சொல்லப்போகிறான் என்று ஆசிரியர் அறிவித்தாலும் அறிவித்தார், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: இருப்பது இரண்டே பேர், எப்படி ஆடிப் பழகுவது? இந்த முறை அவற்றுக்கே இடம் கொடுத்திருக்கிறேன். காசு வைத்து ஆடுவது பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். பல இடங்களில் அது சட்டப்படி குற்றம். பழகுவதற்குச் சட்டைப் பொத்தான்களே போதும். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிட அதிகம் சேர்ப்பதுதான் பிளாக்ஜாக். தாண்டினால் 'பஸ்ட்', தோல்வி. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் மதிப்பு பத்து, ஏஸுக்கு 1 அல்லது 11. ஒரு சுற்றில் ஒருவருக்கு வரும் சீட்டுகள்தான் ஒரு 'கை'.

நானும் என் கணவரும் பிளாக்ஜாக் பழகுகிறோம். எப்போதும் அவர்தான் டீலர், நான் ஆடுவேன். ஆளுக்கு 50 பொத்தானோடு தொடங்கினால் தூங்கப்போகும் நேரத்துக்குள் என் பக்கம் காலி. "எனக்குக் கைராசி" என்கிறார். அப்படி ஒன்று இருக்கிறதா?
— பெயர் போட வேண்டாம் என்ற வாசகி

கைராசி அல்ல அம்மா, விதியே அவர் பக்கம் இருக்கிறது. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள். 21-ஐத் தாண்டிய அந்த நிமிடமே உங்கள் பொத்தான் அவர் பக்கம் போய்விடுகிறது. அதன்பிறகு அவரும் தாண்டியிருப்பாரா இல்லையா என்பது பேச்சே இல்லை. இருவரும் பஸ்ட் ஆகக்கூடிய சுற்றிலும் லாபம் அவருக்குத்தான். டீலரின் அனுகூலம் முழுவதும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 17 வரும்வரை சீட்டு இழுப்பவர் 100 கையில் ஏறக்குறைய 28 கையில் பஸ்ட் ஆவார். நீங்களும் அதே மாதிரி 17 வரை இழுத்தால், இருவரும் பஸ்ட் ஆகக்கூடியது 28-ல் 28 சதவீதம், அதாவது 100-க்கு 8 கை. அந்த 8-ம் அவருக்கு. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் விழுந்தால் (இதற்கும் 'பிளாக்ஜாக்' என்றே பெயர்) உங்களுக்கு ஒன்றுக்கு ஒன்றரை கிடைப்பதால் 2-க்குச் சற்று மேல் திரும்பி வரும். மிச்சம் 5 அல்லது 6 பொத்தான் ஒவ்வொரு 100-க்கும் அவருக்குப் போகும். (அந்த ஒன்றரையை அவர் ஒழுங்காகத் தருகிறாரா என்று ஒரு கண் வையுங்கள். கைராசிக்காரர்கள் இதில் மறதிக்காரர்களாக இருப்பதுண்டு.)

இரண்டு பேர் பழகும்போது எல்லோரும் ஒருவரை டீலராக்கி மற்றவரை எதிரே உட்கார வைக்கிறார்கள். தேவையே இல்லை. டீலருக்கு மூளை வேண்டியதில்லை: 16 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இழுக்க வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் விருப்பம் என்று எதுவும் இல்லை. ஆகவே இருவரும் ஒரே பக்கம் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே காலி இடத்துக்கு ஒரு சீட்டைத் திறந்தும் ஒன்றை மூடியும் வையுங்கள். நீங்கள் இருவரும் ஆடி முடித்த பிறகு, யார் கைக்கு எட்டுகிறதோ அவர் அந்த மூடிய சீட்டைத் திருப்பி, விதிப்படி இழுக்கட்டும். அதுவரை அதை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. இரவு முடிவில் காலி இடம் கொஞ்சம் ஜெயித்திருக்கும். வீட்டில் சண்டை இருக்காது.

இருவர் ஆடும்போது பக்கத்தில் இருப்பவரை ஜெயிக்க வேண்டுமா, டீலரையா?
— கல்லூரி மாணவர்

டீலரை மட்டும். நீங்கள் 20, அவர் 19, டீலர் 18 என்றால் இருவருக்கும் வெற்றி. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது உடனே மண்டையில் ஏறாது. பக்கத்தில் இருப்பவரிடம் சீட்டை மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மறைக்க ஒன்றுமில்லை. சீட்டுகளைத் திறந்தே வையுங்கள், சேர்ந்தே யோசியுங்கள்.

நானும் தம்பியும் ஆடுகிறோம், அக்கா டீலர். அக்காவின் திறந்த சீட்டு 6. நான் 18-ல் நின்றுவிட்டேன். கடைசி இடத்தில் இருந்த தம்பி 12-ஐ வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டான். ராணி வந்தது, பஸ்ட். அக்கா மூடிய சீட்டைத் திருப்பினாள்: பத்து. மொத்தம் 16. அடுத்து இழுத்தது 5. அக்காவுக்கு 21! அவன் சும்மா இருந்திருந்தால் அந்த ராணி அக்காவுக்குப் போயிருக்கும், அவள் பஸ்ட் ஆகியிருப்பாள், நாங்கள் இருவரும் ஜெயித்திருப்போம். இப்போது நானும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தீர்ப்பு சொல்லுங்கள்.
— மூத்த அண்ணன்

தீர்ப்பு: தம்பி தப்பாக ஆடினான். ஆனால் அவன் கெடுத்தது அவன் பொத்தானை மட்டும்தான், உங்களுடையதை அல்ல.

டீலருக்கு 6 இருக்கும்போது 12-ல் நிற்பதே சரி. டீலர் பஸ்ட் ஆக மிக வாய்ப்பான சீட்டுகள் 5-ம் 6-ம். 100-க்கு 42 தடவையாவது வெடிப்பார். அந்த நேரத்தில், 13 வகைச் சீட்டில் 4 வகை தன்னைப் பஸ்ட் ஆக்கிவிடும் என்று தெரிந்தே கை நீட்டுவது அவசரம். அதுவரை உங்கள் கோபம் நியாயம்.

இனி உங்கள் 18-க்கு வருவோம். கட்டின் மேலே இருந்த இரண்டு சீட்டு ராணி, 5. எந்த வரிசையில் இருக்கின்றன என்று தம்பி கேட்டபோது யாருக்கும் தெரியாது. அதே இரண்டும் 5, ராணி என்று இடம் மாறி இருந்திருந்தால்? தம்பி 5-ஐ எடுத்து 17 ஆகியிருப்பான். ராணி அக்காவுக்கு, 26, பஸ்ட். இருவரும் வெற்றி. அவன் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த 5 அக்காவுக்குப் போய் 21. அதாவது, அதே தப்பான ஆட்டம் உங்களைக் காப்பாற்றியிருக்கும்! குலுக்கிய கட்டில் இரண்டு வரிசைக்கும் வாய்ப்பு சரிசமம். கெடுத்த தடவைகளும் காப்பாற்றிய தடவைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

காப்பாற்றிய தடவைக்கு நீங்கள் அவனைத் தோளில் தூக்கியிருப்பீர்களா? மாட்டீர்கள். கவனித்திருக்கவே மாட்டீர்கள். கடைசி நாற்காலிக்காரர் டீலரின் சீட்டைத் "திருடிவிட்டார்" என்று பல்லைக் கடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் புண்ணியத்தில் ஜெயித்துவிட்டு அவர் பக்கம் திரும்பி நன்றி சொன்ன ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? அடுத்த முறை அக்காவை டீலர் சீட்டுகளை மட்டும் கட்டின் அடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அப்போது தம்பி மேலிருந்து எடுப்பது டீலரின் சீட்டைத் தொடவே தொடாது. அக்கா ஜெயிக்கும் அளவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறாது. சரி, போய்த் தம்பியிடம் பேசுங்கள்.

எப்போது இழுப்பது, எப்போது நிற்பது? சுருக்கமாகச் சொல்லவும்.
— அவசரக்காரர்

அமெரிக்க ராணுவத்தில் இருந்த பால்ட்வின், கான்டீ, மெய்சல், மெக்டெர்மட் என்ற நால்வர் மேசைக் கணிப்பான்களைத் தட்டித் தட்டியே இதற்கான அட்டவணையைக் கண்டுபிடித்து, 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் போட்ட கணக்கு அது. பெரும்பகுதி இன்றும் அப்படியே நிற்கிறது.

ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். டீலருக்கு 2 முதல் 6 வரை தெரிந்தால் 13 முதல் 16 வரை உள்ள கையில் நில்லுங்கள். 12 மட்டும் விதிவிலக்கு: 4, 5, 6-க்கு எதிரே நிற்கலாம், 2, 3-க்கு எதிரே இழுக்க வேண்டும். டீலருக்கு 7 அல்லது அதற்கு மேல் என்றால் 17 வரும்வரை இழுங்கள். 11 வந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குங்கள் (டீலருக்கு ஏஸ் தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்). ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் இரண்டு தனிக் கைகளாகப் பிரியுங்கள். பத்து ஜோடியைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். 20 கையில் இருக்கும்போது இன்னும் என்ன வேண்டும்?

ஏஸ்-6 வைத்துக்கொண்டு "17 வந்துவிட்டது" என்று நிற்பவரைக் கண்டால் எனக்கு இன்றும் கை பரபரக்கும். அந்த ஏஸ் 11 என்றும் ஆகும், 1 என்றும் ஆகும். எந்தச் சீட்டு வந்தாலும் பஸ்ட் ஆக முடியாத கையை ஏன் நிறுத்த வேண்டும்? டீலர் பஸ்ட் ஆனாலொழிய 17 ஜெயிக்காது. இழுங்கள்.

எல்லோரும் பயப்படுவது டீலரின் பத்துக்கு எதிரே 16 வரும்போதுதான். இழுத்தால் 13 வகையில் 8 வகை உங்களைப் பஸ்ட் ஆக்கும். நின்றால் டீலர் பஸ்ட் ஆகும் ஏறக்குறைய 22 சதவீதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டுமே மோசம். இழுப்பது மயிரிழை அளவு குறைவான மோசம். ஆகவே இந்தக் கையை எப்படி ஆடினார் என்று யாரோடும் சண்டை போடாதீர்கள்.

டீலருக்கு ஏஸ் தெரியும்போது 'இன்ஷூரன்ஸ்' எடுக்கவே கூடாது என்கிறார்கள். சரியா?
— கணக்கு ஆசிரியை

பொதுவாகச் சரி. ஆனால் நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால், இருவர் ஆடும் மேசைக்கே உரிய ஒரு சுவையான விதிவிலக்கைச் சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸ் என்பது, டீலரின் மூடிய சீட்டு பத்து மதிப்பு உள்ளதுதான் (10, ஜாக்கி, ராணி, ராஜா) என்று கட்டும் தனிப் பந்தயம். ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு. எனவே பார்க்காத சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்து இருந்தால்தான் லாபம்.

ஒரே கட்டு, புதிதாகக் குலுக்கியது, நீங்கள் ஒருவர் மட்டும் ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். டீலரின் ஏஸ், உங்கள் இரண்டு சீட்டு போக மிச்சம் 49. உங்களிடம் பத்தே இல்லை என்றாலும் 49-ல் பத்துகள் 16. மூன்றில் ஒன்றுக்கு நூலிழை குறைவு. நட்டம். இப்போது பக்கத்தில் இன்னொருவர் உட்காருகிறார். அவருடைய இரண்டு சீட்டிலும் பத்து இல்லை. பார்க்காதவை 47, அதில் பத்துகள் 16. மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டது! இப்போது இன்ஷூரன்ஸ் உங்களுக்கு லாபம். நான்கு சீட்டில் ஒரே ஒரு பத்து இருந்தாலும் 47-ல் 15 ஆகிவிடும், மறுபடி நட்டம். ஆறு கட்டுகளைச் சேர்த்து ஆடும் மேசையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நான்கு சீட்டு கடலில் கரைத்த பெருங்காயம்.

மேலே தம்பி வழக்கில் பக்கத்து ஆளின் முடிவு உங்களைத் தொடாது என்றேன். அவருடைய சீட்டு தொடும், ஏனென்றால் அது செய்தி. 1962-ல் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் புத்தகம் எழுதி உலகுக்குச் சொன்ன சீட்டு எண்ணும் முறையின் விதை இதுதான்.

கையில் பிளாக்ஜாக்கே இருந்தால் "பத்திரப்படுத்திக்கொள்கிறேன்" என்று இன்ஷூரன்ஸ் எடுப்பது இன்னும் மோசம். ஒரு பத்தை நீங்களே வைத்திருக்கிறீர்கள், டீலரிடம் இருக்கும் வாய்ப்பு அதனாலேயே குறைகிறது.

ஒரே கட்டில் இருவர் எத்தனை சுற்று ஆடலாம்? நாங்கள் கட்டு தீரும்வரை ஆடுகிறோம். பாதிச் சுற்றில் சீட்டு தீர்ந்து குழப்பம் வருகிறது.
— விடுதியில் தங்கியிருக்கும் இருவர்

நான்கு சுற்று. ஒரு கைக்குச் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவான சீட்டு செலவாகும். நீங்கள் இருவர், டீலர் ஒருவர் என்றால் சுற்றுக்கு எட்டு சொச்சம். நான்கு சுற்றில் 33 சீட்டு போல போய்விடும், மிச்சத்தைச் சேர்த்துக் குலுக்கிவிடுங்கள். ஒருவர் மட்டும் ஆடினால் ஐந்து சுற்று.

பிளாக்ஜாக்குக்கு 10-க்கு 15 தருவதும் 12 தருவதும் பெரிய வித்தியாசமா? என் நண்பன் "மூன்று சிப்தானே" என்கிறான்.
— சந்தேகப்பிராணி

முதல் இரண்டு சீட்டில் பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 கைக்கு ஒரு முறை வரும். ஒவ்வொரு கைக்கும் 10 சிப் என்றால், 210 சிப் வைத்து ஆடும்போது 3 சிப் குறைகிறது. கிட்டத்தட்ட 1.4 சதவீதம். நல்ல விதிகள் உள்ள மேசையில் அட்டவணைப்படி பிசகாமல் ஆடுபவருக்கு மொத்த நட்டமே அரை சதவீதம்தான். அந்த "மூன்று சிப்தானே" அதை நாலு மடங்கு ஆக்கிவிடுகிறது. நண்பனை டீலராக வைக்காதீர்கள்.

ஏஸ் ஜோடியைப் பிரித்தேன். இரண்டிலும் ராஜா விழுந்தது! இரண்டு பிளாக்ஜாக்குக்கும் ஒன்றரை கேட்கிறேன், தர மறுக்கிறார்கள்.
— பாதிக்கப்பட்டவர்

மறுப்பது சரி. பிரித்த பிறகு வருவது வெறும் 21, சம பந்தயம்தான். இரண்டு கை ஜெயித்திருக்கிறீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.