ரெண்டு மாசம் லைட் வெச்சும் வெண்புள்ளி மாறல, நிறுத்திடலாமா?

கேள்வி: என் பொண்ணுக்கு 19 வயசு, கழுத்துலயும் விரல் நுனியிலயும் வெண்புள்ளி. மாத்திரை எதுவும் இல்லாம வாரம் ரெண்டு நாள் நேரோபேண்ட் யுவிபிங்கிற புற ஊதா லைட் வெக்கிறாங்க. ரெண்டு மாசமாகியும் பெருசா மாற்றமில்ல. மாமியார் கார்போக அரிசி எண்ணெய் தடவி வெயில்ல நிக்கச் சொல்றாங்க, பக்கத்து வீட்டுல லைட்டுன்னா கேன்சர் வரும்ங்கிறாங்க. நிறுத்திடவா டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிறுத்தாதீங்கம்மா. வெண்புள்ளிக்கு ரெண்டு மாசம் பத்தவே பத்தாது, பலன் இருக்கா இல்லையான்னு சொல்லவே குறைஞ்சது ஆறு மாசம் விடாம எடுக்கணும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். கழுத்துல நல்ல வெளிச்சத்துல உத்துப் பாருங்க, முடி இருக்கிற இடத்தைச் சுத்தி மிளகுத்தூள் தூவின மாதிரி குட்டிக்குட்டியா பழுப்பு தெரியுதா? நிறம் குடுக்குற செல்லுங்க முடிவேர்ல மிச்சம் இருக்கும், லைட் பட்டா அங்கேருந்துதான் மேல வரும். விரல் நுனியில முடியே இல்லியா, அதனால அங்க திரும்ப நிறம் வர்றது ரொம்ப கஷ்டம், கழுத்து மாதிரி எதிர்பார்க்காதீங்க.

மாமியார் சொல்றது கட்டுக்கதை இல்ல. கார்போக அரிசியில சோராலென்ங்கிற பொருள் இருக்கு, அது தோல்ல இருக்கும்போது யுவிஏ (வெயில்லயும் இருக்கிற இன்னொரு வகை புற ஊதா ஒளி) பட்டா அந்த ஒளி தோல்ல பல மடங்கு வேகமா வேலை காட்டும், அதே சோராலெனை அளந்து குடுத்து லைட் வெக்கிறதுதான் பூவாங்கிற பழைய ட்ரீட்மென்ட். ஆனா வீட்டுல அளவு தெரியாம தடவிட்டு வெயில்ல நின்னா கொப்புளிச்சிடும், வெந்த இடத்துலயே புதுசா வெண்புள்ளி கிளம்பவும் வாய்ப்பிருக்கு. லைட் எடுக்கும்போது அதைச் சேர்க்கவே வேணாம், தயவுசெஞ்சு.

கேன்சர் பயம் வந்ததே அந்த பூவாவாலதான், வருஷக்கணக்கா அதை எடுத்த சோரியாசிஸ்காரங்களுக்கு, முக்கியமா வெள்ளைத் தோல்காரங்களுக்கு, தோல் புற்றுநோய் அதிகமா வந்துச்சு. உங்க பொண்ணுக்கு வெக்கிறது சோராலென் இல்லாம, 311 நானோமீட்டர் அலைநீளம் பக்கத்துல வர்ற ஒளி மட்டும், இதுல அந்த மாதிரி தெளிவான அதிகரிப்பு எதையும் ஆய்வுகள் காட்டல, கர்ப்பிணிகளுக்கே குடுக்குறோம்.

கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். லைட் வெச்சப்புறம் லேசா சிவந்து மறுநாளுக்குள்ள அடங்கினா சரியான அளவு, அதுக்கு மேல நீடிச்சாலோ எரிஞ்சாலோ அடுத்த தடவை லைட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பரீட்சை அது இதுன்னு ஒரு வாரம் விட்டுப்போனாலும் மறைக்காம சொல்லுங்க, அளவைக் குறைச்சுத்தான் திரும்ப ஆரம்பிப்பாங்க. மாசம் ஒருதடவை அதே ஜன்னல் பக்கத்துல நிக்க வெச்சு போன்ல ஒரு படம் எடுத்து வெச்சிடுங்க, தினமும் பாக்குற கண்ணுக்கு மாற்றம் தெரியாதும்மா.